அம்மாவின் முன்படம்

டீ அறையில் சர்க்கரை டப்பாவைக் கீழ் இழுப்பறைக்கு மாற்றியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் மேடம். நேற்று உங்கள் உதவியாளர் அதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றவே வேண்டாம். மேல் தட்டில் எறும்பு வருகிறது என்று எல்லாரிடமும் சொன்னேன். எறும்பு வரவில்லை.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோபம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. வகுப்பில் 'உங்க வீட்டுல படிச்சவங்க யாரு?' என்று கேட்பார்கள். நான் எழுந்து 'நான்தான்' என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அன்றைக்கு யாரையும் அடிக்கவில்லை. கோபத்தில் அடிக்கிறவள் அளவு பார்ப்பாளா? நான் பார்த்தேன். துறையில் ஒருவருக்கும் தோல் கிழியவில்லை, ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. அடி லேசாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் நிபந்தனையே.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தால் 'ஸ்கேன் எடுக்கிற பொண்ணு' என்று சொல்லியிருப்பார்கள். அது பாதிதான். தலையில் லேசாக அடிபட்டவர்களின் மூளையைப் படம் பிடித்து, வேறு யார் கண்ணுக்கும் படாத சேதத்தைக் கண்டுபிடிப்பது எங்கள் துறையின் வேலை. சாதாரண ஸ்கேன், வீடு இடிந்திருக்கிறதா என்று பார்க்கும். எங்கள் மெஷின், சுவருக்குள் ஒயர் எங்கே நைந்திருக்கிறது என்று பார்க்கும். மூளைக்குள் நரம்பு இழைகள் கட்டுக் கட்டாக ஓடுகின்றன. அவற்றை ஒட்டி நீர் நகர்கிறது. இழை நன்றாக இருந்தால் நீர் ஒழுங்காக ஒரே திசையில் போகும். இழை நைந்திருந்தால் அங்கங்கே வழிதவறும். அந்த வழிதவறலைத்தான் நாங்கள் நிறம் போட்டுக் காட்டுகிறோம். நல்ல இழை பளிச்சென்று இருக்கும். நைந்தது, சலவையில் சாயம் போன துணி மாதிரி இருக்கும்.

அந்த மெஷின் புதிதாக வந்தபோது, அதைச் சரிபார்க்க ஆரோக்கியமான மூளைகள் வேண்டும் என்றார்கள். வெளியில் கேட்டுப் பார்த்தார்கள், ஆள் வரவில்லை. அதனால் துறையே ஒவ்வொருவராகப் போய்ப் படுத்தது. பெரிய டாக்டரிலிருந்து கணக்குப் பிரிவு வரைக்கும். தங்களுக்கு மூளை இருப்பதற்கு அத்தாட்சி கிடைத்ததில் எல்லாரும் கொஞ்ச நாள் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். பெரிய டாக்டர் தன் படத்துக்குச் சட்டம் போட்டு, மேஜைக்குப் பின்னால், குடும்பப் படத்துக்கு மேலே மாட்டினார். துப்புரவு அக்கா மட்டும், "எனக்கும் ஒன்னு எடுத்துக் குடேன் பாப்பா, வீட்ல காட்டுறேன். நம்பவே மாட்டாங்க" என்றார். அவர் பெயர் அனுமதிப் பட்டியலில் இல்லை. எடுக்கவில்லை. அவருக்கு அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று அப்போது எனக்கும் தெரியாது.

இப்போது அம்மா.

அம்மா ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறவள். மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டி சரிந்து அவள் தலையில் விழுந்தது. பெரிய பெட்டி இல்லை. அவள் மயங்கிக்கூட விழவில்லை. ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்து, எழுந்து, அந்தப் பெட்டியையும் ஒட்டிக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் சாதாரண ஸ்கேன் எடுத்தார்கள். 'எல்லாம் நார்மல்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த 'நார்மல்'தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ட்யூப்லைட் போட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். குக்கர் சத்தத்துக்கு அழுவாள். 'அந்த... அது... சாப்பாடு அள்ளுறது' என்று கரண்டியைத் தேடுவாள். பால் பாக்கெட்டை அலமாரியிலும் சோப்பை ஃப்ரிட்ஜிலும் வைப்பாள். நான் ஒன்றும் சொல்லாமல் இடம் மாற்றி வைப்பேன். அண்ணன் சொல்வான்.

"டிவி சத்தம் வெச்சா தலை வலிக்குதாம். வேலைக்குப் போன்னா தலை சுத்துதாம். சீரியல் நேரத்துக்கு மட்டும் ஒன்னும் சுத்தல பாரு."

"சீரியல் பாக்கலடா. கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்பாள் அம்மா.

"கண்ணை மூடிக்கிட்டு சீரியல் பாக்குற மொத ஆளு நீதாம்மா."

கிடங்குக்குக் கூட்டிப் போனேன். சூப்பர்வைசர் அம்மாவின் தலையை, முலாம்பழம் வாங்குகிறவர் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரத்தம் வந்துச்சா?"

"இல்ல சார்."

"வீங்குச்சா?"

"கொஞ்சம்."

"ஸ்கேன்ல என்ன போட்டிருக்கு? நீயே படிம்மா, படிச்ச பொண்ணுதானே. நார்மல். நார்மலா இருக்கிறவங்களுக்கு நான் எப்படி ஓய்வு குடுக்கிறது? அப்புறம் எல்லாரும் தலையைப் பிடிச்சிக்கிட்டு வந்து நிப்பாங்க."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா கண்ணு, போலாம். அவரு சொல்றதும் சரிதானே" என்றாள். வெளியே வந்து, பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டாள். அந்த நிறுத்தத்தில் அவள் என் பள்ளிக்கூடக் காலம் முழுக்க ஏறி இறங்கியிருக்கிறாள்.

நான் படித்தது எதற்கு மேடம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை எங்கள் மெஷினில் படுக்க வைத்தேன். நெற்றிக்குப் பின்னால், இடது பக்கம், ஒரு கட்டு இழைகள் சாயம் போய்க் கிடந்தன. நான் அழவில்லை. சந்தோஷப்பட்டேன் என்பதுதான் உண்மை. கையில் சாட்சி கிடைத்துவிட்டது. இனிமேல் அவளை யாரும் நடிக்கிறாள் என்று சொல்ல முடியாது.

பெரிய டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"அழகா எடுத்திருக்கீங்க. ஆனா இது அடியால வந்ததுன்னு எப்படிச் சொல்றது? பிறந்ததுலேர்ந்தே அவங்க மூளை இப்படித்தான் இருந்துச்சோ என்னமோ. அடிபடறதுக்கு முந்தி எடுத்த முன்படம் இருக்கா?"

"எங்கம்மா பெட்டி கட்டுறவங்க சார். அவங்கள எடுத்த படமே மொத்தம் ஒன்னுதான், கல்யாணத்துல."

"அது தலைக்கு வெளியில எடுத்ததும்மா" என்றார். கேலி இல்லை, அக்கறையாகவே சொன்னார். "முன்படம் இல்லாத பின்படம் வெறும் படம்தான். விளையாட்டு வீரங்கன்னா சீசன் ஆரம்பத்துலயே ஒன்னு எடுத்து வெச்சிருப்பாங்க. அவங்களுக்கு நிரூபிக்கலாம். உங்க அம்மா மாதிரி ஆளுங்களுக்கு... பாவம்தான்."

பாவம்தான் என்ற சொல்லோடு படத்தை என்னிடம் நீட்டினார். அவர் தலைக்குப் பின்னால், சட்டத்துக்குள், அவருடைய முன்படம் பளபளவென்று இருந்தது.

நீங்கள் படித்தவர். உங்களுக்கே புரியும். என்னிடம் முன்படம் இல்லாத ஒரு பின்படம் இருந்தது. அதே கட்டடத்தில் பின்படம் இல்லாத முன்படங்கள் அலமாரி நிறைய இருந்தன. ஒரு லேசான அடி, இழைகளை இப்படி நைத்துவிடும் என்று அந்த அலமாரியை வைத்து நிரூபித்துவிட்டால், அம்மாவின் படமும் வெறும் படமாக இருக்காது. இல்லாமல் இருந்தது ஒன்றே ஒன்று. நடுவில் இருக்கிற அந்த அடி.

யோசிக்காமல் செய்யவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்களை முதலிலேயே விலக்கினேன். கர்ப்பிணியான வரவேற்பாளரை விலக்கினேன். வயதானவர்களை விலக்கினேன், பெரிய டாக்டரைத் தவிர. அவரை வயதானவர் என்று சொன்னால் கோபம் வரும். துப்புரவு அக்காவையும் விலக்கினேன். முன்படம் இல்லாத தலையை இடித்து என்ன பிரயோஜனம்? அனுமதி இல்லையே என்று கேட்பீர்கள். படம் எடுத்த அன்று எல்லாரும் கையெழுத்துப் போட்ட தாளில் 'தலைப் பகுதியில் லேசான அசௌகரியம் ஏற்படலாம்' என்று அச்சிட்டே இருக்கிறது. யாரும் படிக்காமல் போட்டார்கள். அது என் குற்றமா?

டீ அறையில், மேடைக்கு மேலே இருக்கும் அலமாரிக்கு மேல்நோக்கித் தூக்கித் திறக்கிற கதவு. இரண்டு பக்கமும் அதைத் தாங்கிப் பிடிக்கும் கம்பி உண்டு. ஒரு பக்கத்துத் திருகைத் தளர்த்தினால் கதவு மேலே முழுசாகப் போகாது. பாதியில் வந்து, தலை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். மேலே கப் எடுக்க வேண்டும். கீழே குனிந்து சர்க்கரை எடுக்க வேண்டும். குனிந்தவர் நிமிர்வார். அவ்வளவுதான். யாரும் யாரையும் அடிக்கவில்லை. அவரவர் தலையை அவரவரே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நான் விலக்கியவர்களுக்கு மட்டும் டீயை நானே போட்டு அவர்கள் மேஜைக்கே கொண்டுபோய் வைத்தேன்.

முதலில் என் தலையில்தான் பார்த்தேன். மற்றவர்களுக்குச் செய்வதை நாம் பட்டுப் பார்க்க வேண்டும் இல்லையா. முதல் தடவை ரொம்ப மெதுவாகப் பட்டது. அடுத்தது கொஞ்சம் பலமாக. சரியான அளவு கிடைக்கும் வரை பார்த்தேன். எத்தனை தடவை என்று இப்போது ஞாபகம் வரவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதில் ஒரு வசதியும் தானாகவே அமைந்தது. சர்க்கரை போடாமல் டீ குடிப்பவர்கள் குனியவே மாட்டார்கள். ஆக, சர்க்கரை நோய் உள்ளவர்கள் எல்லாரும் ஒப்பிட்டுப் பார்க்கும் குழுவாக ஆனார்கள். நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, பாரபட்சம் கிடையாது. நல்ல ஆராய்ச்சிக்கு அது முக்கியம்.

இடித்தவுடன் முதலில் ஓடிப் போவது நான்தான். ஐஸ் பை வைப்பேன். உட்கார வைப்பேன். "இன்னைக்கு என்ன கிழமை சொல்லுங்க?" என்பேன். "ஏன்மா, சம்பள நாளா?" என்பார்கள். சிரித்துவிட்டு, சில நாள் கழித்து, "மெஷினைச் சரிபார்க்கணும், கொஞ்ச நேரம் வந்து படுத்துட்டுப் போறீங்களா?" என்று கூப்பிடுவேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. அலுவலக நேரத்தில் படுத்துத் தூங்க யாருக்குக் கசக்கும்? கணக்குப் பிரிவு அம்மா மட்டும், "நீ இல்லன்னா இந்த ஆஃபீஸ்ல கவனிச்சுக்க யாரும்மா இருக்கா" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். அவர் டீக்கு மூன்று ஸ்பூன் போடுவார்.

ரொம்பப் பேருக்கு இடித்ததும் புகார் போயிற்று. நிர்வாகம் ஒரு பாதுகாப்புக் குழு போட்டது. குழு என்றால் நிர்வாக அதிகாரி, பராமரிப்புக்காரர், எங்கள் புள்ளிவிவரக்காரர். கடைசி ஆளை நாங்கள் 'சராசரி' என்று கூப்பிடுவோம். அவர் எதையும் அதை விட்டுப் பேச மாட்டார். குழு டீ அறைக்கு ஆய்வுக்கு வந்தது. நான் ஓரமாக நின்றேன்.

"எந்த இடத்துல இடிக்குது?" என்று அதிகாரி குனிந்து இழுப்பறையைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"இந்த இடத்துலதான் சார்" என்றார் பராமரிப்புக்காரர். அப்புறம், "ஆனா எப்படி இடிக்கும், இவ்ளோ இடம் இருக்கே" என்று அவரும் குனிந்தார்.

சராசரி குனியவில்லை. புத்திசாலி. "ரெண்டு பேருக்கு இடிச்சிருக்கு, ஒருத்தனுக்கு இல்ல. இதுலேர்ந்து எதுவும் சொல்ல முடியாது" என்று ஒரு டீ போட்டுக்கொண்டார். சர்க்கரை எடுக்கப் போனார்.

குழுவின் பரிந்துரைப்படி ஓர் எச்சரிக்கை ஒட்டினார்கள். 'தலை ஜாக்கிரதை' என்று. மேலே ஒட்டினால் ஈரம் படும் என்று இழுப்பறைக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். சின்ன எழுத்து. அதுவரை சர்க்கரை வேண்டாம் என்றிருந்தவர்கள்கூட என்ன போட்டிருக்கிறது என்று குனிந்து படித்தார்கள். என் ஒப்பீட்டுக் குழு பாழாயிற்று. அந்தத் தாளை நான் ஒட்டவில்லை என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அதில் நஷ்டம்தான்.

இத்தனை பேருக்கு அடிபட்டும் துறையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டீர்கள். எப்படி வரும்? ஒரே தீர்மானத்தை இரண்டு கூட்டத்தில் நிறைவேற்றினார்கள்; முன்பும் அப்படித்தான். நிர்வாக அதிகாரி ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு வந்து, எதற்கு வந்தோம் என்று நின்றார், முன்பும் நிற்பார். ஒரு டாக்டர் வேறொருவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு போனார், அந்த வேறொருவர் இவருடையதைப் போட்டுக்கொண்டு போனார், இருவரும் புதுச் செருப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். என் அம்மா ஒரு கரண்டியின் பெயரை மறந்ததற்கு நடிப்பு என்றார்கள். இவர்கள் மறந்தால் வேலைப் பளு என்றார்கள்.

படங்கள் அருமையாக வந்தன. முன்படத்தில் பளிச், பின்படத்தில் அதே இடம் வெளுத்திருந்தது. ஒருவருக்கு நெற்றிப் பக்கம், ஒருவருக்குப் பின் பக்கம். இடித்த பக்கத்திலேயே வெளுத்தால் நேரடி அடி. எதிர்ப் பக்கத்தில் வெளுத்தால், மூளை குலுங்கிப் போய் அந்தப் பக்கத்து மண்டை ஓட்டில் மோதியது. எங்கே வெளுத்தாலும் அது நான் சொன்னதற்குச் சாட்சிதான். பெயரை மறைத்து சராசரியிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எண்களைத் தடவினார்.

"விளைவு தெரியுது. ஆனா ஆள் பத்தாது."

"இன்னும் எவ்ளோ பேர் வேணும் சார்?"

"இதே மாதிரி இன்னொரு பங்கு. அதுக்குக் கம்மின்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "நீ என்ன கேட்ட?" என்றார்.

ஆக, எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னது நான் இல்லை. அவர்தான். துறை சார்ந்த ஆலோசனை.

பெரிய டாக்டருக்குச் சர்க்கரை ஆகாது. எச்சரிக்கையையும் படிக்க மாட்டார். எழுதினவர்கள் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள். அவருக்குப் பிடித்த உப்பு பிஸ்கட்டை இழுப்பறையில் வைத்தேன். ஒரே நாளில் இரண்டு தடவை குனிந்தார். பேராசை என் பொறுப்பில்லை.

அவருடைய பின்படத்தைப் பெயர் இல்லாமல் அவர் முன்னாலேயே வைத்தேன். பக்கத்தில் அம்மாவின் படம். அவர் நெடுநேரம் பார்த்தார். விளக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

"ரெண்டுலயும் ஒரே மாதிரி சேதம்மா. இந்தப் பெண்மணி பாவம். ஆனா இன்னொருத்தர் இருக்காரே, இவரு யாரு?"

"ஒரு அதிகாரி சார்."

"இவர வேலைக்கு விடக் கூடாது. முக்கியமான முடிவு எதையும் இவர் கையில குடுக்காதீங்க. எழுதுங்க, நான் சொல்றேன்" என்று சொல்லச் சொல்ல எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டார். எந்த இடத்தில் போட வேண்டும் என்று நான் விரலை வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

"கட்டுரையா எழுதுவோம்" என்றார். "உங்க அம்மாவத்தான் முதல்ல வைக்கணும். இன்னொரு படம் எடுத்துட்டு வாங்க. சேதம் அப்படியே இருக்குன்னு காட்டிட்டா, அந்தக் கிடங்குக்காரன் வாய மூடிடலாம்."

அன்று வீட்டுக்குப் பறந்து போனேன் மேடம். அந்த மனுஷர் வாயாலேயே வந்துவிட்டது. அம்மாவைக் கூட்டிவந்து படுக்க வைத்தேன். படம் திரையில் வரி வரியாக ஏறியது.

இழைகள் தேறியிருந்தன.

எல்லாம் இல்லை. ஆனால் வெளுத்த இடம் நிறம் பிடித்திருந்தது. யாரிடமாவது காட்டினால் நல்ல மூளை என்றுதான் சொல்வார்கள். மெஷினிலிருந்து இறங்கி, அம்மா தன் செருப்பைத் தானே தேடிப் போட்டுக்கொண்டாள். "இப்பல்லாம் வெளிச்சம் கண்ணைக் குத்தல கண்ணு. உங்கிட்ட சொல்லணும்னே நெனச்சேன், நீதான் வீட்டுக்கே வர்றதில்ல" என்றாள். பஸ் நிறுத்தத்துக்கு எனக்கு முன்னால் நடந்தாள். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்காதீர்கள். மகளுக்குத் தோன்ற வேண்டியதும் தோன்றியது. ஆராய்ச்சிக்காரிக்குத் தோன்ற வேண்டியதும் தோன்றியது.

பெரிய டாக்டர் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சரியாயிட்டாங்களே. அப்போ மொதல்ல எடுத்ததுல மெஷின் தப்பு எதுவும் இருந்திருக்குமோ?" என்றார். "உங்க அம்மாவ விட்டுடுவோம். மத்தவங்க போதும்."

வீட்டில் அண்ணனுக்குக் கொண்டாட்டம். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அவன் சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு, "பாட்டெல்லாம் வருது. இத்தனை நாளா எங்க போச்சு இந்தக் குரலு? எங்களை நல்லா அலைய விட்டம்மா நீ" என்றான். கிடங்கு சூப்பர்வைசர் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டபோது எல்லார் முன்னாலும், "ஓய்வு முடிஞ்சதா? ஊரெல்லாம் சுத்திப் பாத்தாச்சா?" என்று கேட்டாராம். கூட வேலை செய்கிற பெண்கள் சிரித்தார்களாம். அம்மாவும் சேர்ந்து சிரித்தாளாம். அதை அவளே சிரித்துக்கொண்டு எனக்குச் சொன்னாள்.

"ஏம்மா சிரிச்ச?"

"போவட்டும் விடு கண்ணு. ஒருவேளை எனக்கே ஒன்னும் இல்லாமத்தான் இருந்துச்சோ என்னமோ."

இது எனக்குத் தாங்கவில்லை. அவளே நம்பாமல் போய்விட்டாள் பாருங்கள். குணமானதுதான் அவளுக்கு எதிரான சாட்சியாக நின்றது. இப்படியே விட்டால் காலத்துக்கும் அவள் நடித்தவள்தான். இரவெல்லாம் உட்கார்ந்து யோசிக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது சாதாரணமாகத்தான் தோன்றியது. அம்மாவிடம் இப்போது ஒரு நல்ல படம் இருக்கிறது. சுத்தமான, தேதி போட்ட, எங்கள் மெஷினிலேயே எடுத்த படம். வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு விளையாட்டு வீரருக்கு இருப்பதைப் போல, என் அம்மாவுக்கு ஒரு முன்படம் கிடைத்திருக்கிறது.

சமையலறையில் அதே மாதிரி மேலே தூக்கும் கதவு போட்டுக் கொடுத்தேன். என் கையால் திருகு முடுக்கினேன், ஒரு பக்கத்தை மட்டும் தளர்வாக விட்டு. அம்மா அதைத் தூக்கித் தூக்கி இறக்கிப் பார்த்தாள். "எனக்கா இது? ஆஃபீஸ்ல இருக்கிற மாதிரியேவா?" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிவந்து காட்டினாள். கரண்டிகளையெல்லாம் கீழ் இழுப்பறைக்கு மாற்றினேன்.

ஆனால் அவளுக்கு இடிக்கவே இல்லை. கிடங்கில் வேலை செய்கிறவள் இல்லையா. குனிவதற்கு முன் ஒரு கை தானாக மேலே போய்க் கதவைச் சாத்திவிடும். படித்தவர்கள் அத்தனை பேர் தலையும் இடித்த இடத்தில் அவள் தலை மட்டும் இடிக்கவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெருமையை வைத்து என்ன செய்வது?

ஒரு மத்தியானம் அவள் குனிந்திருந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அவள் சாத்திய கதவைச் சத்தமில்லாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது இறக்கினேன். கையால் இறக்குவதால் அளவு கொஞ்சம் முன்பின் ஆகும். இரண்டாவது அடி முதலடி மாதிரி இல்லை, ஆறிக்கொண்டிருக்கும் இழை மேல் பட்டால் கணக்கே வேறு என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். என் கை இன்னும் கதவில் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம், "உனக்கு அடி எதுவும் படலயே?" என்று கேட்டாள். அவள் முழுசாகப் பேசிய கடைசி வாக்கியம் அது என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் பாதிப் பாதியாகத்தான் வருகிறது.

பின்படம் மிகத் தெளிவாக வந்திருக்கிறது. துறையில் எடுத்ததிலேயே அதுதான் தெளிவு. நெற்றியிலிருந்து பின்னால் வரைக்கும், யார் பார்த்தாலும் புரியும். பக்கத்தில் முன்படம். பெரிய டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல யாரு என்ன கேக்க முடியும்" என்றார். அதைக் கட்டுரையின் முதல் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அப்புறம் மறந்து இன்னொரு தடவையும் சொன்னார். அண்ணன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவுக்குச் சோறு ஊட்டுகிறான். டிவியை விற்றுவிட்டான். கிடங்கு சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்து, கட்டில் பக்கத்தில் கை கட்டி நின்றார். "தப்பா நெனச்சிட்டோம்மா" என்றார். அதை அவர் வாயிலிருந்து நான் காதால் கேட்டேன். இனி அவளை யாரும் நடிக்கிறாள் என்று சொல்ல மாட்டார்கள்.

அதனால்தான் நானாக வந்தேன். டீ அறை விஷயமாக நீங்கள் யாரையும் பிடித்திருக்க மாட்டீர்கள்; உங்களுக்கே தெரியும். நான் வந்தது அம்மாவின் வாக்குமூலத்தைப் பற்றிச் சொல்ல. ஆஸ்பத்திரியில் உங்கள் ஆட்களிடம் அவள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். 'பொண்ணு இல்ல... பொண்ணு வீட்ல இல்ல... கதவு... தானா.' மூச்சு வாங்க வாங்க, உங்கள் ஆளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம். நீங்களும் அதை அப்படியே எழுதிவைத்திருக்கிறீர்கள்.

அப்படி எழுதினால் எல்லாம் வீணாகிவிடும் மேடம். அடி எப்படிப் பட்டது, எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில் என்று ஒரு சாட்சி இருந்தால்தான் அந்த இரண்டு படத்துக்கும் மதிப்பு. அந்தச் சாட்சி நான். நான்தான் பக்கத்தில் நின்றேன், நான்தான் இறக்கினேன், என் இரண்டு கையாலும். அவளுக்கு அது ஞாபகம் இல்லை. இருக்கவும் முடியாது, ஞாபகம் இருக்கிற இடம்தான் வெளுத்திருக்கிறது, படத்திலேயே காட்டுகிறேன். சரியாகத் தெரிந்துகொண்டுதான் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று உங்கள் உதவியாளர் சொன்னார். அவருக்கு மூளையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

என் பேச்சை எழுதிக்கொள்ளுங்கள். அம்மா சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.